கல்லூரி தரும் ஊதியம் எவ்வளவு? விளம்பர எண்ணுக்கும் உண்மைப் பலனுக்கும் இடையே உள்ள இடைவெளி

புதுடெல்லி: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலம் நெருங்கிவிட்டால், நாட்டின் எந்த நகரத்திலும் ஒரே வகையான விளம்பரப் பலகைகளைக் காணலாம். கல்லூரிக் கட்டடத்தின் படம், அதனருகே பட்டமளிப்பு உடையணிந்த மாணவர், அவருக்குக் கீழே பெரிய எழுத்தில் ஆண்டு ஊதியம். பெற்றோர் பலரும் அந்த எண்ணை வைத்தே கல்லூரியை எடைபோடுகின்றனர். அந்த எண்ணை நம்பி நகையை அடகு வைக்கின்றனர், நிலத்தை விற்கின்றனர், வங்கியில் கடன் வாங்குகின்றனர்.

ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஒரு கல்லூரியில் படித்தவர் நல்ல ஊதியம் பெறுகிறார் என்பது ஒரு செய்தி. அந்தக் கல்லூரியில் படித்ததால்தான் அவர் அந்த ஊதியத்தைப் பெறுகிறார் என்பது முற்றிலும் வேறொரு செய்தி. முதலாவதை எவரும் எண்ணிவிடலாம். இரண்டாவதை அளக்கப் பொருளாதார அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக முயன்று வருகின்றனர்.

இந்தியாவில் இக்கேள்வி இப்போது முன்னைவிட முக்கியத்துவம் பெற்றுள்ளது. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களில் 4.33 கோடி மாணவர்கள் பயில்கின்றனர். உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் இது 47 சதவீதம். 2035-ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதும் 50 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வகுத்துள்ள இலக்கு. அதாவது, இதுவரை கல்லூரி வாசலையே மிதிக்காத குடும்பங்களின் பிள்ளைகள் கோடிக்கணக்கில் உள்ளே வரவிருக்கின்றனர். செலவு செய்யப்போவது அவர்கள். பலன் கிடைக்காமல் போனால் இழப்பைத் தாங்கும் வலிமை குறைந்தவர்களும் அவர்களே.

தரவரிசையும் கடனும்

2024-ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம், தரமான உயர்கல்வி நிறுவனங்களில் சேரும் மாணவர்களுக்குப் பிணையோ உத்தரவாதமோ இன்றிக் கல்விக் கடன் வழங்க வழிசெய்கிறது. 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 75 சதவீதக் கடன் உத்தரவாதத்தை அரசு ஏற்கிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களைச் சேர்ந்த, வேறு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாத மாணவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு.

எந்த நிறுவனம் 'தரமானது' என்பதைத் தீர்மானிப்பதில், தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு எனப்படும் என்ஐஆர்எஃப் பட்டியலுக்கு முதன்மையான பங்கு உண்டு. 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு 2016 முதல் பட்டியல் வெளியிட்டு வரும் இக்கட்டமைப்பு, கற்பித்தல், ஆய்வு, பட்டதாரிகளின் வெளிப்பாடு உள்ளிட்ட ஐந்து அளவுகோல்களைக் கொண்டது. பொறியியல், மேலாண்மை போன்ற துறைகளில், பட்டதாரிகளின் இடைநிலை ஊதியம் அந்த அளவுகோல்களின் ஓர் அங்கம்.

ஆகவே, ஊதிய எண் இன்று வெறும் விளம்பரப் பொருளாக மட்டும் இல்லை. தரவரிசைக்குள் நுழைந்து, அதன் வழியே அரசின் கடன் கொள்கையையும் அது தொட்டுவிட்டது. அந்த எண் தவறான ஒன்றை அளக்குமானால், பொதுப் பணமும் குடும்பப் பணமும் தவறான திசையில் செல்லும்.

இடைநிலை என்பது யாருடைய நிலை?

இடைநிலை ஊதியம், சராசரி ஊதியத்தைவிட நேர்மையான அளவு என்பதில் ஐயமில்லை. ஒரே ஒரு மாணவருக்கு வெளிநாட்டு நிறுவனத்தில் ஒரு கோடி ரூபாய் கிடைத்தால் வகுப்பின் சராசரி உயர்ந்துவிடும். ஊதியங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருப்பதை எடுக்கும் இடைநிலை அவ்வளவு எளிதில் அசையாது. ஆனால், வரிசையில் யார் யாரை நிறுத்துகிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு கல்லூரியில் 240 பேர் சேர்கின்றனர். உரிய காலத்தில் 200 பேர் பட்டம் பெறுகின்றனர். அவர்களில் 110 பேருக்கு வளாக நேர்காணலில் வேலை கிடைக்கிறது. 30 பேர் மேற்படிப்புக்குச் செல்கின்றனர். வேலை பெற்றவர்களின் இடைநிலை ஊதியம் ஆண்டுக்கு 4.5 லட்சம் ரூபாய் என்று கல்லூரி அறிவிக்கிறது. அறிவிப்பில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் அந்த இடைநிலை 110 பேருக்கு மட்டும் உரியது. அத்தொகையோ அதற்கு மேலோ பெற்றவர்கள் ஏறத்தாழ 55 பேர். சேர்ந்த 240 பேரோடு ஒப்பிட்டால் இது நான்கில் ஒருவருக்கும் குறைவு. விளம்பரத்தைப் பார்க்கும் பெற்றோரோ, 'இங்கே சேர்ந்தால் பாதிப் பேருக்கு நாலரை லட்சம் கிடைக்கும்' என்று எடுத்துக்கொள்வர். மேற்படிப்புக்குச் சென்ற 30 பேரை ஒதுக்கிவிட்டாலும், வேலை கிடைக்காத 60 பேரும், உரிய காலத்தில் பட்டம் பெறாத 40 பேரும் கணக்கில் எங்கும் இல்லை.

இத்துடன் ஊதியம் என்ற சொல்லின் பொருளும் நெகிழ்ந்து போகிறது. நிறுவனங்கள் அறிவிக்கும் ஆண்டுத் தொகையில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, செயல்திறன் ஊக்கத்தொகை, பணியில் சேரும்போது ஒருமுறை மட்டும் தரப்படும் தொகை எனப் பலவும் அடங்கும். மாதந்தோறும் கைக்கு வரும் பணம் அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். பணி ஆணை கொடுத்த நிறுவனம் சேரும் நாளைத் தள்ளிப்போட்டாலும், ஆறு மாதத்தில் வேலை போய்விட்டாலும், அறிவிக்கப்பட்ட எண் மாறுவதில்லை.

உள்ளே வந்தவர் யார்?

இந்தக் குறைகள் அனைத்தையும் நீக்கி, எல்லா மாணவர்களையும் எண்ணி, கைக்கு வரும் பணத்தை மட்டும் கணக்கிட்டாலும், மையக் கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. ஏனெனில் கல்லூரிகள் மாணவர்களைத் தேர்ந்தெடுத்தே சேர்க்கின்றன.

ஐஐடிகளை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 18 ஆயிரம் இளநிலை இடங்களுக்காக, முதற்கட்ட ஜேஇஇ தேர்வை ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதுகின்றனர். அவ்வாறு வடிகட்டி எடுக்கப்பட்ட மாணவர்கள் வேறு எந்தக் கல்லூரிக்குச் சென்றிருந்தாலும் ஓரளவு நன்றாகவே சம்பாதித்திருப்பர். அவர்களின் ஊதியத்தில் நிறுவனம் சேர்த்த பங்கு எவ்வளவு, அவர்கள் உள்ளே வரும்போதே கொண்டுவந்த பங்கு எவ்வளவு என்பதை இறுதி எண் பிரித்துச் சொல்வதில்லை. பெற்றோரின் கல்வி, ஆங்கிலப் புலமை, நகர வாழ்க்கை, உறவினர் வட்டத்தின் தொடர்புகள் ஆகியவையும் அதே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன.

கல்விக்கும் வருவாய்க்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக வடித்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேக்கப் மின்சர். 1974-ஆம் ஆண்டு வெளியான அவரது நூலுக்குப் பின், படித்த ஆண்டுகளையும் பணி அனுபவத்தையும் வைத்து ஊதியத்தைக் கணிக்கும் முறை உலகெங்கும் பரவியது. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து சக்கரோபுலோஸ், பட்ரினோஸ் ஆகியோர் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் சராசரியாகச் சுமார் 9 சதவீத ஊதிய உயர்வோடு தொடர்புடையது என்று மதிப்பிட்டது.

'தொடர்புடையது' என்ற சொல் இங்கே கவனத்துக்குரியது. அதிகம் படித்தவர்கள் பிற வகைகளிலும் வேறுபட்டவர்கள். இதைத் தீர்க்க ஒரே மாணவரை ஒருமுறை கல்லூரிக்கு அனுப்பியும் ஒருமுறை அனுப்பாமலும் பார்க்க வேண்டும். அது இயலாத காரியம். எனவே, ஏறத்தாழ ஒரே மாதிரியான இருவரில் ஒருவர் மட்டும் தற்செயலாக உள்ளே நுழைந்த சூழல்களை ஆய்வாளர்கள் தேடிப் பிடிக்கின்றனர். இத்தகைய 'இயற்கைச் சோதனை' முறைகளை வளர்த்தெடுத்ததற்காகவே டேவிட் கார்டு, ஜோஷுவா ஆங்கிரிஸ்ட், கைடோ இம்பென்ஸ் ஆகிய மூவருக்கும் 2021-ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கட்-ஆஃப் கோட்டின் இருபுறமும்

இத்தகைய சோதனைக்கு இந்தியாவைவிடப் பொருத்தமான நாடு அரிது. இங்கே கல்லூரிச் சேர்க்கை பெரும்பாலும் ஒற்றை மதிப்பெண்ணில் முடிவாகிறது. கட்-ஆஃப் மதிப்பெண்ணை அரை மதிப்பெண் வித்தியாசத்தில் எட்டியவரும் தவறவிட்டவரும் திறமையில் பெரிதாக வேறுபட்டவர்கள் அல்லர். ஒருவருக்கு அன்று தலைவலி இருந்திருக்கலாம், மற்றொருவருக்குத் தெரிந்த வினா வந்திருக்கலாம். ஆனால் ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே. பத்தாண்டுகள் கழித்து இருவரின் வருவாயையும் ஒப்பிட்டால் தெரியும் வேறுபாடு, பெருமளவு கல்லூரியால் விளைந்தது என்று கொள்ளலாம்.

மரியான் பெர்ட்ராண்ட், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகியோர் 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்வழியில் குறிப்பிடத்தக்கது. இந்திய மாநிலம் ஒன்றில் 1996-ஆம் ஆண்டு பொறியியல் நுழைவுத் தேர்வு எழுதியவர்களை, இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் என இரு தரப்பிலும் பல ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்று வருவாயைக் கேட்டறிந்தனர். இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் குறைந்த மதிப்பெண்ணோடு வந்ததால் படிப்பைத் தொடர இயலாமல் பலனின்றிப் போவர் என்ற வாதத்தை அந்த ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. பொறியியல் இடம் கிடைத்தது அவர்களின் வருவாயை உயர்த்தியிருந்தது. அதேவேளை, இடம் கிடைக்காமல் போன முன்னேறிய வகுப்பு விண்ணப்பதாரர்களின் வருவாய் இழப்பு அதைவிட அதிகமாக இருக்கக்கூடும் என்றும் அதே ஆய்வு மதிப்பிட்டது. இரு பிரிவினரும் ஏறத்தாழ சமநிலையில் இல்லாத சமூகத்தில், கல்லூரி இடம் என்பது இரு தரப்புக்குமே எவ்வளவு பெரிய பொருள் என்பதை இம்முடிவு காட்டுகிறது.

ஷீத்தல் சேக்ரி 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, அடுத்த கேள்விக்கு நம்மை இட்டுச் செல்கிறது. இந்தியாவில் புகழ்பெற்ற அரசுக் கல்லூரிகளின் கட்-ஆஃப் கோட்டை ஒட்டி உள்ளே வந்தவர்களை, மயிரிழையில் தவறவிட்டவர்களோடு அவர் ஒப்பிட்டார். புகழ்பெற்ற கல்லூரியில் பட்டம் பெற்றவர்களின் ஊதியம் உயர்ந்திருந்தது. ஆனால் பட்டப்படிப்பின் இறுதித் தேர்வு மதிப்பெண்ணில் அவர்கள் கூடுதலாக எதையும் பெற்றிருக்கவில்லை. அதாவது, சந்தை விலை கொடுத்தது கூடுதல் கல்விக்கு அன்று, கல்லூரியின் பெயருக்கு.

இது கோட்பாட்டளவில் புதிதன்று. கல்வி மனிதரின் உற்பத்தித் திறனை உயர்த்துகிறது என்ற மனித மூலதனக் கோட்பாட்டை கேரி பெக்கர் 1964-ஆம் ஆண்டு நூலாக்கினார். பட்டம் என்பது திறனை உருவாக்காமலே, ஏற்கெனவே உள்ள திறனை வேலை தருவோருக்கு அடையாளம் காட்டும் முத்திரையாகவும் இருக்கலாம் என்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ஆம் ஆண்டு வாதிட்டார். இருவரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றனர். தனி மாணவரைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு பெரிதில்லை. பெயரால் வந்தாலும் பணம் பணமே. ஆனால் கோடிக்கணக்கில் செலவிடும் அரசுக்கு இது அடிப்படையான வேறுபாடு. எல்லோருக்கும் முத்திரை கிடைத்துவிட்டால் முத்திரைக்கு மதிப்பு குறையும். எல்லோருக்கும் திறன் கிடைத்தால் நாடு வளரும்.

பிற நாடுகள் கண்டது

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் ஆகியோர் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறொரு உத்தியைக் கையாண்டது. ஒரே தரத்திலான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடமும் பெற்ற மாணவர்களில், புகழ்மிக்க கல்லூரியைத் தேர்ந்தவரையும் சாதாரணக் கல்லூரியைத் தேர்ந்தவரையும் அவர்கள் ஒப்பிட்டனர். சராசரியாகப் பெரிய ஊதிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால், வருமானம் குறைந்த குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் புகழ்மிக்க கல்லூரி கூடுதல் பலன் அளித்தது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கும் தொடர்புகளை, ஏழைப் பிள்ளைக்குக் கல்லூரி புதிதாகத் தருகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

தனித்தனி ஆய்வுகளோடு நில்லாமல், சில நாடுகள் அரசுப் பதிவேடுகளையே இதற்குப் பயன்படுத்துகின்றன. அமெரிக்க அரசின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' இணையதளம், கூட்டாட்சி நிதியுதவி பெற்ற மாணவர்களின் பிற்கால வருவாயை வரிப் பதிவுகளிலிருந்து எடுத்துக் கல்லூரிவாரியாக வெளியிடுகிறது. பிரிட்டன் கல்விப் பதிவுகளையும் வரிப் பதிவுகளையும் இணைத்து, பட்டம் பெற்று 1, 3, 5, 10 ஆண்டுகள் கழித்துள்ள வருவாயைக் காட்டுகிறது. எந்தக் கல்லூரியும் தன் எண்ணைத் தானே எழுதிக் கொடுப்பதில்லை.

இத்தரவுகளைக் கொண்டு பிரிட்டனின் நிதி ஆய்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீடு பரவலாகப் பேசப்பட்டது. மாணவரின் பின்னணியையும் பள்ளி மதிப்பெண்ணையும் கழித்துப் பார்த்த பின், வரியும் கல்விக் கடனும் போக, பட்டப்படிப்பின் வாழ்நாள் பலன் ஆண்களுக்குச் சராசரியாகச் சுமார் 1.3 லட்சம் பவுண்டு, பெண்களுக்குச் சுமார் 1 லட்சம் பவுண்டு என்று அது கணித்தது. சராசரி ஆறுதலளிக்கலாம். ஆனால் ஐந்தில் ஒருவர், கல்லூரிக்கே செல்லாதிருந்தால் பண அளவில் மேலான நிலையில் இருந்திருப்பார் என்பதும் அதே ஆய்வின் முடிவு. மருத்துவம், பொருளாதாரம் ஆகியவற்றுக்கும் கலைப் படிப்புகளுக்கும் இடையே பலன் பெரிதும் வேறுபட்டது. கல்லூரிக்குச் செல்வதா என்ற முடிவைப் போலவே, எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு என்ற முடிவும் பலனைத் தீர்மானிக்கிறது.

இந்தியச் சந்தையின் தனித்தன்மை

வெளிநாட்டு முறையை அப்படியே இங்கே பொருத்திவிட இயலாது. 2023-24-ஆம் ஆண்டுக்கான காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பணிபுரிவோரில் 58.4 சதவீதத்தினர் சுயதொழில் செய்பவர்கள். முறையான மாத ஊதியம் பெறுவோர் சுமார் 21.7 சதவீதம் மட்டுமே. கடை நடத்துபவர், விவசாயி, வாடகைக் கார் ஓட்டுபவர் ஆகியோரின் வருவாய் எந்த வைப்பு நிதிப் பதிவேட்டிலும் இருக்காது. பட்டம் பெற்ற பின் தந்தையின் கடையில் அமரும் இளைஞரின் வருவாயில் கல்லூரியின் பங்கைப் பிரித்தெடுப்பது எளிதன்று.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை மற்றொரு முரணைச் சுட்டியது. 2022-இல் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது வெறும் 3.4 சதவீதம். இதை வைத்துப் படிப்பு பயனற்றது என்று முடிவு கட்டுவது தவறு. வேலையின்றி இருக்கும் வசதி ஏழைக்குக் கிடையாது. கிடைத்த கூலிக்குச் செல்கிறார், கணக்கில் 'பணியில் உள்ளவர்' ஆகிறார். பட்டதாரியோ படிப்புக்கேற்ற வேலைக்காகவோ, அரசுத் தேர்வுக்காகவோ காத்திருக்கிறார். ஆனால் அந்தக் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. இருபத்திரண்டு வயதில் பட்டம் பெற்று இருபத்தாறு வயது வரை போட்டித் தேர்வு எழுதும் இளைஞரின் நான்கு ஆண்டு வருவாய் இழப்பு எந்த வேலைவாய்ப்பு அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

பெண்களைப் பொறுத்தவரை அளவீடு மேலும் தடுமாறுகிறது. வேலைக்குச் செல்லும் பெண்களின் ஊதியத்தை மட்டும் ஒப்பிட்டால், திருமணம், குழந்தை வளர்ப்பு, பாதுகாப்பான பயண வசதியின்மை ஆகிய காரணங்களால் சந்தைக்கே வராத பட்டதாரிப் பெண்கள் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றனர். அவர்களின் கல்வி, பிள்ளைகளின் படிப்பிலும் குடும்பத்தின் உடல்நலத்திலும் பலன் தந்தாலும், ஊதிய அளவீட்டில் அதற்கு மதிப்பு சுழியமே.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இத்தனை ஆய்வுகளும் ஒரு வீட்டின் முடிவோடு எப்படித் தொடர்புடையன என்பதற்கு ஓர் எளிய கணக்கு உதவும். இதில் உள்ள எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவர் மாதம் 15 ஆயிரம் ரூபாய் ஊதியத்தில் வேலைக்குச் செல்லலாம் என்று கொள்வோம். நான்கு ஆண்டுகள் படிக்கச் சென்றால் அவர் இழக்கும் ஊதியம் 7.2 லட்சம் ரூபாய். கட்டணமும் விடுதிச் செலவும் 8 லட்சம் என்றால், மொத்தச் செலவு 15.2 லட்சம். பட்டம் பெற்ற பின் மாதம் 25 ஆயிரம் ரூபாயில் வேலை கிடைக்கிறது. அதற்குள், முன்பே வேலைக்குச் சென்ற நண்பர் அனுபவத்தால் 18 ஆயிரம் பெறுகிறார். வேறுபாடு மாதம் 7 ஆயிரம், ஆண்டுக்கு 84 ஆயிரம். இந்த வேறுபாடு மாறாமல் இருந்தால், வட்டியைச் சேர்க்காமலேயே, போட்ட பணம் திரும்பச் சுமார் 18 ஆண்டுகள் ஆகும்.

அதே படிப்பை, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 80 ஆயிரம் ரூபாய் மட்டும் செலவாகும் அரசுக் கல்லூரியில் படித்து அதே வேலைக்குச் சென்றால், பத்தாண்டுகளுக்குள் செலவு மீண்டுவிடும். பட்டதாரிகளின் ஊதியம் வயது ஏற ஏற வேகமாக உயரும் என்பதால், நடைமுறையில் இக்காலம் குறையலாம். கடனுக்கு வட்டி சேர்ந்தால் கூடவும் கூடும். எவ்வாறாயினும், ஊதியம் என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவெடுப்பவர், கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கிறார். கட்டணமும், இழந்த ஆண்டுகளும், 'போகாமல் இருந்தால் என்ன கிடைத்திருக்கும்' என்ற ஒப்பீடும் மறுபக்கத்தில் இருக்கின்றன.

அளக்க முடியுமா?

இந்தியாவிடம் இதற்கான மூலப்பொருள்கள் தனித்தனியே உள்ளன. நுழைவுத் தேர்வு மதிப்பெண்களும் கலந்தாய்வுப் பதிவுகளும் தேர்வு அமைப்புகளிடம் இருக்கின்றன. மாணவர்களுக்கு 'அபார்' என்ற தனி அடையாள எண் வழங்கப்பட்டு வருகிறது. முறைசார் பணியாளர்களின் ஊதிய விவரம் வருங்கால வைப்பு நிதி அமைப்பிடமும், வருமான விவரம் வரித்துறையிடமும் உள்ளன. ஆனால் இவை ஒன்றோடொன்று பேசுவதில்லை. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு ஒருவரின் கல்வி நிலையைக் கேட்கிறது. எந்தக் கல்லூரியில் படித்தார் என்று கேட்பதில்லை.

இவற்றை இணைப்பதில் ஆபத்துகளும் உண்டு. ஒருவரின் மதிப்பெண், சமூகப் பிரிவு, ஊதியம் ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் சேர்வது விளையாட்டான விஷயமன்று. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, பெயர்களை நீக்கி, குழு அளவிலான முடிவுகளை மட்டும் வெளியிடும் ஏற்பாடு அவசியம்.

மற்றோர் ஆபத்து, அளவீடே கல்லூரிகளின் நடத்தையைக் கெடுத்துவிடுவது. பட்டதாரிகளின் ஊதியத்தை மட்டும் வைத்துக் கல்லூரிக்குப் பரிசும் தண்டனையும் வழங்கினால், கிராமப்புற, முதல் தலைமுறை மாணவர்களைச் சேர்ப்பதையே கல்லூரிகள் தவிர்க்கத் தொடங்கும். வரலாறு, மொழி, சமூகப் பணி போன்ற துறைகள் மூடப்படும். செவிலியரும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் குறைந்த ஊதியம் பெறுவது அவர்களின் கல்லூரியின் குறையன்று. எனவே, மாணவர் எந்த நிலையில் உள்ளே வந்தார் என்பதைக் கழித்து, கல்லூரி எவ்வளவு சேர்த்தது என்று காட்டும் அளவீடே தேவைப்படுகிறது. அப்படி அளந்தால், இன்று பட்டியலில் தென்படாத ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரி, விளம்பரப் பலகையில் மின்னும் நிறுவனத்தைவிட அதிகம் சேர்த்திருப்பது தெரியவரக்கூடும்.

அதுவரை பெற்றோர் என்ன செய்யலாம்?

அரசு அத்தகைய அளவீட்டை உருவாக்கும் வரை, பொதுவெளியில் ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆவணம் உதவும். என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் கல்வி நிறுவனங்கள், தாங்கள் சமர்ப்பித்த விவரப் படிவத்தைத் தங்கள் இணையதளத்திலும் வெளியிடுகின்றன. படிப்புவாரியாக எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தனர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலை ஊதியம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றனர் என்ற எண்கள் அதில் ஆண்டுவாரியாக உள்ளன. பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்கள் எத்தனை பேர் என்பதும் அதில் உண்டு. இவை நிறுவனமே அளித்த எண்கள் என்பதை மறக்கலாகாது. ஆயினும் விளம்பரத்தில் இல்லாத வகுத்தல் கணக்கைச் செய்ய அவை போதும்.

வேலை பெற்றவர்களின் எண்ணிக்கையைச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது முதல் படி. ஒரே கட்-ஆஃப் அளவில் மாணவர்களைச் சேர்க்கும் வேறு இரண்டு கல்லூரிகளோடு அந்த விகிதத்தையும் ஊதியத்தையும் கட்டணத்தையும் ஒப்பிடுவது இரண்டாம் படி. ஐஐடியின் ஊதியத்தை உள்ளூர்க் கல்லூரியோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஏறத்தாழ ஒரே மாதிரியான மாணவர்களைப் பெறும் கல்லூரிகளுக்கிடையே தென்படும் வேறுபாட்டில்தான் கல்லூரியின் உழைப்பு ஓரளவு வெளிப்படும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்ற நான்கைந்து பேரைத் தேடிப் பேசி, இன்று கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்பது மூன்றாம் படி. வளாக நேர்காணல் நாளன்று அறிவிக்கப்பட்ட தொகையைவிட அந்த விடை நம்பத்தக்கது.

கல்லூரிக் கல்வி வருவாயை உயர்த்துகிறது என்பதற்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. இந்தியாவிலும் உண்டு. ஆனால் எல்லாக் கல்லூரியும், எல்லாப் படிப்பும், எல்லாக் கட்டணத்திலும் உயர்த்துவதில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது, கடந்த ஆண்டு மிக அதிக ஊதியம் பெற்ற மாணவரின் பெயரன்று. தம் பிள்ளையைப் போன்ற மதிப்பெண்ணோடும் பின்னணியோடும் அங்கே சேர்ந்தவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர் என்பதே. அந்தக் கேள்விக்கு நம்பகமான விடை தரும் ஏற்பாடு நாட்டில் இன்னும் உருவாகவில்லை.